முதல் மாதக் கோடு

…திருகினால் தெரிந்துவிடும், அவ்வளவுதான், கண் பார்க்கிற மெஷினில் விரலுக்கு அடியில் இருக்கிற இந்தச் சின்னத் திருகை அரைச் சுற்று சுற்றினால் அகலமாய் விழுகிற வெளிச்சம் நூலாய் மெலிந்துவிடும், அந்த நூல் கருவிழியைக் குறுக்கே வெட்டிக் காட்டும், பாதி ஆழத்தில் மங்கலாய் ஒரு கோடு இருந்தால் இவளுக்கு நிஜ ஒளி கொடுத்திருக்கிறார்கள், கோடு இல்லாவிட்டால் சும்மா நீல விளக்கைக் காட்டி அனுப்பியிருக்கிறார்கள்… ஆனால் திருகக் கூடாது. ஒரு மாதச் சோதனையில் பார்வையை அளக்கிறவர் நூல் வெளிச்சத்தில் பார்க்கவே கூடாது என்று எழுதி வைத்த மகானுபாவர் யார்? இந்த டாக்டரேதான். ஆராய்ச்சித் திட்டத்தின் ஒன்பதாம் பக்கத்தில், தடித்த எழுத்தில், என்னவோ பெரிய யோக்கியன் மாதிரி. யாருக்கு எது கிடைத்தது என்று தெரிந்தால் அளக்கிற கை தன்னை அறியாமல் சாய்ந்துவிடும் என்று மேடை போட்டுப் பேசியவரும் இவர்தான், இப்போது எதிரே தாங்கியில் முகவாயை வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டிக்கொண்டு, இமைக்காமல் இவரைப் பார்க்கிறவள் அக்கா மகள். வீட்டில் எல்லோருக்கும் அவள் வாலு. சொந்தக்காரி என்பதால் இவளை மட்டும் உதவி டாக்டரம்மா அளப்பதாக ஏற்பாடு, அந்த அம்மாவுக்கு இன்றைக்குப் பார்த்தா காய்ச்சல் வரவேண்டும்?

ஒரு வரி குறைந்திருக்கிறது. போன மாதம் படித்த வரியை இன்றைக்குப் படிக்க முடியவில்லை, திணறினாள், அப்புறம் "விடுங்க மாமா, அந்த எழுத்துக்கும் எனக்கும் ஆகாது" என்று சிரித்தாள். செல்போன் ரிப்பேர் கடையில் எறும்புத் தலை அளவு பாகத்தைச் சூடு வைத்து ஒட்டுகிறவள், இருபத்து மூன்று வயசு, கண் போனால் அவளிடம் என்ன மிச்சம்… கருவிழி மெலிந்து மெலிந்து கூம்பாய் முன்னே தள்ளுகிற வியாதி, பழைய சிகிச்சையைத் தாங்காத அளவுக்கு மெலிந்துவிட்டவர்களுக்காகத்தான் கருவிழியை இறுக்குகிற இந்தக் குறைந்த ஒளி, பலிக்குமா என்று சத்தியமாய் எவருக்கும் தெரியாது, தெரிந்தால் ஆராய்ச்சி எதற்கு? ஒரு வரி குறைவது நல்லதாகவும் இருக்கலாம், நிஜ ஒளி பட்ட கண் முதல் மாதம் கொஞ்சம் புகை மூட்டமாகி அப்புறம் தெளியும். வியாதி ஓடிக்கொண்டிருப்பதாகவும் இருக்கலாம். இரண்டில் எது? கோடு சொல்லும். கோடு மட்டும்தான் சொல்லும். ஆறு மாதம் கழித்து எல்லோருக்கும் ஒளி உண்டு, ஆனால் இந்த வேகத்தில் மெலிந்தால் ஆறு மாதத்தில் ஒளியைத் தாங்கக்கூட அங்கே ஒன்றும் இருக்காது, அப்புறம் வேறொருவர் கண்ணை எடுத்து வைக்கிற ஆபரேஷன்தான்.

கதவுக்கு வெளியே அக்கா, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு. கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுத்தான் யாருக்கு எது என்று முடிவாகும், என் கையில் ஒன்றுமே இல்லை அக்கா என்று தலைதலையாய் அடித்துக்கொண்டபோது, "கம்ப்யூட்டராவது ஒண்ணாவது, உன் ஆஸ்பத்திரி, உன் மெஷின், நம்ம பொண்ணுக்கு நல்லதாப் பாத்துப் போட்டுவிடுடா" என்றாள். சிரித்து மழுப்பினார். மழுப்பாமல் என்ன செய்ய, அக்காவிடம் ஒன்பதாம் பக்கத்தையா படித்துக் காட்ட முடியும்? பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது… எனக்குத் தெரியுமே. தெரிந்தால் தெரியட்டும், அப்படி என்ன குடிமுழுகிவிடும்… அறுபது பேர் கண்ணில் எடுத்த கணக்கு மொத்தமும் பொய்யாகிவிடும், அதுதான் முழுகும். விரல் அதையெல்லாம் கேட்கவில்லை, மெதுவாய்த் திருக ஆரம்பித்துவிட்டது.

"மாமா, லைட்டைச் சின்னதாக்குறீங்களா? போன தடவை டாக்டரம்மா இப்படிப் பண்ணலையே."

சுட்டதுபோல் கையை எடுத்தார். அட கடவுளே, இவள் எதைத்தான் கவனிக்க மாட்டாள். "இல்லம்மா, கை பட்டுருச்சு." "கை பட்டா இவ்வளவு மெதுவாவா சுத்தும்?" அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, கொஞ்சம் தணிந்து கேட்டாள், எனக்கு எதைப் போட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா மாமா. "தெரியாதும்மா" என்றார். நல்லவேளை, அது உண்மை. வெளிச்சத்தை அகலமாக்கி, சீழ் இல்லை, புண் இல்லை என்று பார்த்து, பார்வை ஒரு வரி குறைவு என்று எழுதி, எழுதினதையே நாலு தடவை படித்து, மூணாம் மாசம் வா என்று அனுப்பினார். வெளியே அக்கா "என்னடி சொன்னான்" என்பது கேட்டது. இவர் எழுந்து போகவில்லை, அக்கா முகத்தைப் பார்க்கிற தைரியம் இல்லை.

அடுத்த ஆள் வந்து உட்கார்ந்தான், நாற்பதாம் நம்பர், பேக்கரியில் மாவு பிசைகிறவன், வாலு வயசுதான் இருக்கும். எழுத்துகளைப் படிக்கச் சொன்னார், படித்தான், ஓரிடத்தில் நின்றான், பரவாயில்லை தம்பி என்றார், முகவாயைத் தாங்கியில் வைக்கச் சொன்னார், விரல் திருகின் பக்கமே போகவில்லை, நேராப் பாருங்க, சரி, அவ்வளவுதான், மூணாம் மாசம் வாங்க. "கொறஞ்சிருக்கா டாக்டர்?" என்று கேட்டான். என்ன குறைந்திருக்கிறது என்று தாளைப் பார்த்தார். ஒரு வரி குறைவு என்று தன் கையெழுத்தில் இருந்தது, வாலுவுக்குக் குறைந்த அதே ஒரு வரி, எழுதி முடித்து அடுத்த கட்டத்தையும் நிரப்பி, கீழே கையெழுத்தும் போட்டாகிவிட்டது… எப்போது எழுதினேன்? இவனுக்கு முன்னால் வந்த அத்தனை பேருக்கும் இப்படித்தான், ஒரு தடவைகூடப் படித்துப் பார்க்காமல் எழுதினேனா… கதவு ஒருக்களித்திருந்தது, வெளியே அக்கா உட்கார்ந்திருந்த நாற்காலியில் வேறொரு அம்மா, இவனைப் பெற்றவள்தான் போல, இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு.