முப்பத்தொன்றும் ஐம்பத்தெட்டும்

இறந்த முன்னோருக்குச் சீனர்கள் வருடாவருடம் வைக்கும் சிங்மிங் படையலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, கம்பார் ஊரில் சீனர் சங்கம் நடத்தும் அஸ்தி மண்டபத்திலிருந்து, கணினித் தரவுகளை மீட்டுக்கொடுக்கும் எனக்கு அழைப்பு வந்தது. கூரை ஒழுகியதால் எண்பத்து நான்கு சாம்பல் கலசங்களைக் கீழறைக்கு மாற்றியிருந்தார்கள். பெயர்க்கற்கள் மறுபடி செதுக்கப் போயிருந்தன. கலசங்களில் புது எண் மட்டும் ஒட்டியிருந்தது. எந்த எண் யாருடையது என்பது கணினியில்தான் இருந்தது. அந்தத் தரவுத்தளத்தைச் சர்வர் திறக்க மறுத்தது.

காரணத்தைச் செயலாளர் சின் தாமே சொன்னார்.

"டிஸ்க்குல இடமே இல்ல லா. ஒரு ஃபைல் ரொம்பப் பெருசா இருந்துச்சு. அழிச்சிட்டேன்."

"அது தரவுத்தளம் தனக்குத்தானே எழுதுற நாட்குறிப்பு, அங்கிள். அது இல்லாம சர்வர் திறக்காது."

"நாட்குறிப்புதானே. பழைய கதை எதுக்கு?"

"இதக் கீழ போய்ச் சொல்லுங்க" என்றார் காவலாளி யாப். "எண்பத்து நாலு பேரு உக்காந்திருக்காங்க."

மூலக் கோப்பை முதலில் இரண்டு வட்டுகளில் நகலெடுத்தேன். நகலில்தான் கை வைப்பேன். அதே பெயரில் ஒரு வெற்றுத் தரவுத்தளம் உண்டாக்கி, சர்வரை நிறுத்தி, பழைய கோப்பை அதனிடத்தில் வைத்து, அவசர நிலையில் திறந்தேன். திறந்தது. ஒரு பக்கம் மட்டும் சிதைந்திருந்தது. கடைசியாக மாற்றிய அந்த எண்பத்து நான்கு வரிகளும் அதில்தான் இருந்தன.

பழுதுநீக்கும் கட்டளை ஒன்று உண்டு. கெட்ட பக்கத்தை வெட்டியெறிந்துவிட்டு, எல்லாம் சரி என்று அறிவிக்கும். அதைக் கொடுக்கவில்லை. சின் எப்போதும் பெயரை வைத்தே தேடுவார் என்பதால், தளத்தை அமைத்தவர் பெயரும் எண்ணும் கொண்ட அட்டவணை ஒன்றைத் தனியாக வைத்திருந்தார். அது சிதையவில்லை. அதிலிருந்து எண்பத்து நான்கு பெயர்களும் வந்தன.

எண்பத்திரண்டு பேருக்குச் சிக்கலில்லை. முப்பத்தொன்று, ஐம்பத்தெட்டு இரண்டுக்குமே லோக் ஆ மெங் என்ற ஒரே பெயர். சங்கத்தின் பழைய காகிதப் பதிவேட்டிலும் இரண்டு லோக் ஆ மெங் இருந்தார்கள். அதில் புது எண் கிடையாது. ஒருவருடைய பிள்ளைகள் கடல் கடந்து பெர்த்தில், ஒன்பது வருடமாக வரவில்லை. இன்னொருவருடைய மனைவி திருமதி சியூ, வருடம் தவறாமல் தைப்பிங்கிலிருந்து பேருந்தில் வருபவர். மறுநாள் காலை ஆறு ஆரஞ்சுப் பழத்தோடு வந்துவிட்டார்.

அப்போது நான் சின்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "எதையும் ரெண்டு எடத்துல வெச்சுக்கணும், அங்கிள். ஒண்ணு தப்பினாலும் இன்னொண்ணு இருக்கும்."

யாப் திருமதி சியூவிடம் விஷயத்தைச் சொன்னார். அம்மையார் பழப் பையைக் கீழே வைத்தார்.

"ரெண்டு ஆ மெங்கா? ஒருத்தரோடவே நான் பட்ட பாடு போதும்." பர்ஸிலிருந்து இரண்டு நாணயம் எடுத்தார். "அவரையே கேட்டுக்கறேன்."

முப்பத்தொன்றின் முன்னால் போட்டார். இரண்டும் பூ. இல்லை என்று அர்த்தம். ஐம்பத்தெட்டின் முன்னால் ஒன்று பூ, ஒன்று எண். ஆமாம். மூன்று முறையும் அப்படியே விழுந்தது.

"அப்ப முப்பத்தொண்ணு பெர்த்காரங்களோடது" என்றார் சின். "எழுதிடு, முடிஞ்சது லா."

ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் என்று ஓர் இடம் சேர்த்திருந்தேன். எண்பத்திரண்டில் 'பெயர் அட்டவணை' என்றிருந்தது. ஐம்பத்தெட்டில் 'மனைவி, நாணயம், மூன்று முறை' என்று எழுதினேன். முப்பத்தொன்றைக் காலியாக விட்டேன்.

"பெர்த்காரங்க வந்து கேட்டா?" என்றார் சின்.

"அவங்களும் ரெண்டு நாணயம் கொண்டுவரட்டும், அங்கிள்."

திருமதி சியூ நான்கு ஆரஞ்சை ஐம்பத்தெட்டின் முன் அடுக்கினார். மீதி இரண்டை முப்பத்தொன்றின் முன் வைத்தார்.

"இது அவரில்லன்னீங்களே, ஆன்ட்டி" என்றார் யாப்.

"இல்லதான். ரெண்டு எடத்துல வெச்சா நல்லதுன்னு இந்தத் தம்பி இப்பத்தானே சொல்லுச்சு."