மூன்றாவது கம்ப்ரசர்

அக்கா போனில் எடுத்த எடுப்பிலேயே, "செத்துடுச்சுடா," என்றாள்.

சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வயது வரிசைப்படி என் மனதில் ஒருமுறை ஓடி முடித்தார்கள். "யாரு?" என்றேன்.

"யாரா? நீ மாட்டுன கம்ப்ரசர். நாலு வாரம்கூட ஓடல. கிறீச்னு ஒரு சத்தம், பெல்ட் கருகுற நாத்தம், அவ்வளவுதான். என்ன டாக்டர், வந்து பாடிய வாங்கிக்கறீங்களா?"

அக்கா குப்பைமேட்டில் புல்டோசர் ஓட்டுகிறவள். ஊர் முழுக்க வாரிக்கொண்டு வந்து கொட்டுவதைத் தள்ளிப் பரப்பி, மேலே மண் மூடி, இருபது டன் வண்டியால் ஏறி மிதித்து அமுக்குவது அவள் வேலை. நான் அந்த மாதிரிப் பெரிய வண்டிகளுக்கு ஏசி பார்க்கிறவன். குடும்பத்தில் ஒருத்தி மலையைத் தள்ளுகிறாள், இன்னொருத்தன் அவளுக்கு விசிறி விடுகிறான் என்று அக்கா வீட்டுக்காரர், என் மாமா, சொல்வார். ஆனால் அந்தக் கேபினில் ஏசி ஒன்றும் சொகுசுக்கு இல்லை. கண்ணாடியைத் திறந்தால் தூசும் நாற்றமும் நேராக நெஞ்சுக்குள் போகும். மூடிக்கொண்டு ஏசி இல்லாமல் உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் ஆள் வெந்துவிடும்.

வண்டியோடு வந்த கம்ப்ரசர் ஒரு மாதத்துக்கு முன்னால் போனது. அதை எஞ்சினோடு சேர்க்கிற கிளட்ச் கருகியிருந்தது. "வயசாயிடுச்சு," என்று தீர்ப்புச் சொல்லிப் புதுசு மாட்டினேன். ஒரு வாரத்தில், விட்டு விட்டு நின்று போகிறது என்றாள். கேஸ் அழுத்தம் எல்லை மீறினால் கம்ப்ரசரை நிறுத்துவதற்கென்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. ஷெட்டில் வைத்துப் பார்த்தால் அழுத்தம் சரியாக இருந்தது. ஆகவே பொய் சொல்வது சுவிட்ச்தான் என்று முடிவு கட்டி, இனி அது எதையும் நிறுத்த முடியாதபடி ஒரு துண்டு ஒயரால் சுற்றிக் கட்டி ஓரம் கட்டிவிட்டேன். புது சுவிட்ச் வந்ததும் மாற்றுவதாக இருந்தேன். என் அகராதியில் 'வந்ததும்' என்பது நீண்ட காலம்.

இப்போது அந்தப் புதுக் கம்ப்ரசரும் போய்விட்டது. மூன்றாவதை எடுத்துக்கொண்டு போனேன்.

ஷெட் குப்பைமேட்டின் அடிவாரத்தில் இருக்கிறது. அக்கா வாசலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கழுத்தைச் சுற்றி வேர்க்குரு சிவந்திருந்தது. ரெண்டு வாய்க்கு நாலு முறை இருமினாள்.

"கண்ணாடியத் திறந்து வச்சு ஓட்டுனியா?"

"இல்ல, கடற்கரையில காத்து வாங்கினேன். மூணு நாளா திறந்துதான் ஓட்டறேன். மாமாகிட்ட சொல்லிவைக்காத."

வேலையில் இறங்கினேன். பழைய கம்ப்ரசரைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே சில்லு சில்லாகச் சத்தம். எண்ணெய் தார் மாதிரி கறுத்திருந்தது. குழாய்களை எல்லாம் கழுவினேன், புதுசை மாட்டினேன், காற்றை உறிஞ்சி எடுத்துக் கேஸ் ஏற்றினேன். வண்டியின் பின்பக்கம், தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் இருக்கிற கண்டென்சர் வழியாகத்தான் கேஸ் தன் சூட்டை வெளிக்காற்றில் இறக்கும். அதையும் பல் விளக்குகிற மாதிரி விளக்கினேன். வண்டியைக் கிளப்பி, கேஸ் அழுத்தம் காட்டுகிற கேஜைப் பார்த்தால் முள் இருநூற்றுப் பத்தில் சாதுவாக நின்றது. கேபினுக்குள் குளிர் கொட்டியது.

"ஓகே. பேஷண்ட் எழுந்து உட்கார்ந்தாச்சு," என்றேன்.

"இங்க எழுந்து உட்காரும். மேல போனா படுத்துக்கும். போன தடவையும் இதேதான். நீ மேல வந்து பாரு."

"வண்டி அதே வண்டிதானேக்கா?"

"எனக்கு வலிக்கறது மேல. நீ பார்க்கறது கீழ. தலைவலின்னு வந்தவளோட காலப் பிடிச்சுப் பார்க்கற டாக்டர் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா."

நியாயம்தான். இந்த ஒரு மாதத்தில் நான் ஒரு தடவைகூட மேலே ஏறவில்லை. காரணம் தொழில்நுட்பம் அல்ல. எனக்கு நாற்றம் ஆகாது. வீட்டில் முட்டை உடைந்தாலே பக்கத்து அறைக்குப் போகிறவன் நான்.

மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, சீட்டுக்குப் பின்னால் டூல் பெட்டி வைக்கிற சந்தில் மடங்கி உட்கார்ந்தேன். கேஜின் குழாய்களை ஜன்னல் வழியாக இழுத்து, முள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கைப்பிடியில் கட்டிவைத்தேன். அக்கா ஏற்றத்தில் வண்டியை விட்டாள். என் எலும்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக அறிமுகமாயின.

மேலே தெற்குப் பக்கம் லாரிகள் வரிசையாகக் கொட்டிக்கொண்டிருந்தன. காக்கைகள் வானம் கறுக்கக் கூடியிருந்தன. அக்கா நாலு முறை தள்ளினாள். முள் இருநூற்று இருபதில் நின்றது.

"பாத்தியா? ஒண்ணும் இல்ல."

"இரு. இப்ப வடக்கு ஓரத்துக்குப் போறோம். ரெண்டு மாசமா மண்ணு மூடற வேலை அங்கதான்."

வடக்கு ஓரம் அமைதியாக இருந்தது. லாரி இல்லை, ஆள் இல்லை. அந்த அமைதியில் என்னவோ குறைகிறது என்று பட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அந்தப் பக்கம் ஒரு காக்கைகூட இல்லை.

முள் ஏற ஆரம்பித்தது. இருநூற்று எழுபது. முந்நூறு. முந்நூற்று அறுபது. கம்ப்ரசரின் சத்தம் மூச்சை அடக்கிப் பளு தூக்குகிறவன் முக்குவது மாதிரி மாறியது. நானூறு.

"இந்நேரம் சுவிட்ச் நிறுத்தியிருக்கணுமே," என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன பிறகுதான் அதைக் கட்டிப்போட்டவன் யார் என்பது ஞாபகம் வந்தது.

எட்டி ஏசியை அணைத்தேன். "நிறுத்துக்கா. எஞ்சின் ஓடட்டும், வண்டி நகர வேணாம்."

இறங்கிப் பின்னால் போனேன். முகத்தில் அனல் அடித்தது, எஞ்சின் சூடு என்று நினைத்துக்கொண்டேன். கண்டென்சரின் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. தூசு அடைக்கவில்லை. பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து, காற்று உள்ளே நுழைகிற இடத்தில் பிடித்தேன். ஷெட்டில் முப்பத்துநாலு காட்டியது. இங்கே அறுபத்திரண்டு.

எஞ்சின் சூடு கலந்திருக்கும் என்று, வண்டியை விட்டுப் பத்தடி தள்ளிப் போய்ப் பிடித்தேன். ஐம்பத்தெட்டு. முழங்கால் உயரத்துக்கு இறக்கினேன். அறுபத்தேழு. அந்த தெர்மாமீட்டருக்குக் கம்பி மாதிரி ஒரு முனை உண்டு. குனிந்து அதை மண்ணில் செருகினேன். எண்கள் ஓடின. தொண்ணூறு. நூறு. நூற்றுப் பத்துக்கு மேல் அது எண் காட்டாது, வெறும் கோடு போடும். கோடு போட்டது.

என் செருப்பின் அடி மெத்தென்று ஆகியிருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

இந்த ஒரு மாதமாக நான் நோயாளியை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல் கட்டிலில் இருந்திருக்கிறது. வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. காலடியில் குப்பை உள்ளுக்குள்ளேயே எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சூட்டைக் குடித்துக் குடித்துத்தான் முதல் கம்ப்ரசர் நின்று நின்று கருகியது. ரெண்டாவது நிற்கக்கூட முடியாமல் செத்தது. சுவிட்ச் ஒரு வாரம் கத்தியிருக்கிறது. அதன் வாயை நான் கட்டினேன்.

எரிகிற குப்பை சாம்பலாகிச் சுருங்கும். மேலே மண் அப்படியே நிற்கும். உள்ளே வெறும் குழி. அதன் மேல் இருபது டன் வண்டியில் என் அக்கா உட்கார்ந்துகொண்டு, கண்ணாடியில் முகம் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"அக்கா, இறங்கு."

"என்னடா?"

"கீழ எரியுது. இறங்கு. வண்டி செயின் அழுத்தின தடம் மேலயே நடந்து வா, பக்கத்துல மிதிக்காத."

அவள் சிரித்தாள். "மொதல்ல வயசாயிடுச்சுன்ன. அப்புறம் சுவிட்ச்ன்ன. இப்ப பூமியே சரியில்லையா? வண்டிய நடுவுல விட்டுட்டு இறங்கினா என்னை வேலைய விட்டுத் தூக்கிடுவான்டா. நீ சொல்றத நம்பி எப்படி இறங்கறது?"

கேட்க வேண்டிய கேள்விதான். ரெண்டு முறை தப்பாகச் சொன்னவனை மூன்றாம் முறை நம்ப அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. அவளை இறக்குகிற மாதிரி நகைச்சுவையாக ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். என்னிடம் சரக்கு இல்லை.

"சுவிட்ச் கெடலக்கா. அது சரியாத்தான் நிறுத்துச்சு. நான்தான் மேல வர சோம்பல்பட்டு, ஒயர வச்சுக் கட்டிட்டேன். உன்ன ஒரு மாசமா இதுமேல ஓட வச்சது நான்தான். திட்டறத கீழ போய்த் திட்டு. இப்ப இறங்கு."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாக, யாரிடமோ சொல்கிற மாதிரி சொன்னாள்: "காலையில நாய்ங்க எல்லாம் இங்கதான் வந்து படுக்கும். கதகதன்னு இருக்குன்னு நெனைச்சேன். ஒரு வாரமா ஒண்ணும் வரல."

சாவியைத் திருப்பி எடுத்துக்கொண்டு இறங்கினாள். தடத்தின் மேல் முன்னால் அவள், பின்னால் நான். மண்ணில் மயிரிழை மாதிரி விரிசல்கள் ஓடியிருந்தன. மூக்கில் துண்டு இருந்தும் அந்த வாசனை வந்தது. அழுகல் இல்லை. இரும்புச் சட்டியில் எதையோ மறந்து வைத்த வாசனை.

தெற்குப் பக்கம் வந்து சேர்ந்ததும் சூப்பர்வைசர் குறுக்கே வந்தார். எதைச் சொன்னாலும் 'பார்க்கலாம்' என்பார், அதனால் அவருக்கு அதுவே பெயர்.

"என்னம்மா, வண்டி அங்க நிக்குது, நீங்க இங்க நிக்கறீங்க?"

நான் சொன்னேன். எண்களைச் சொன்னேன். கோடு போட்டதைச் சொன்னேன்.

"நீங்க ஏசி மெக்கானிக்தானே?"

"ஆமா சார்."

"அப்ப ஏசியப் பாருங்க. நெருப்பு இருந்தா புகை வரணும்ல? எங்க புகை? பார்க்கலாம், ஆளுங்கள அனுப்பிப் பார்க்கலாம். மொதல்ல வண்டிய எடுத்துட்டு வாங்கம்மா. அஞ்சு நிமிஷ வேலை."

அக்கா சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அந்த ஐந்து நிமிஷத்தை அவள் எடை போடுவது எனக்குத் தெரிந்தது. இந்த வேலைக்கு வந்து ஒன்பது வருஷம். வண்டியை வழியில் விட்டவள் என்று ஒரு நாளும் பேர் வாங்கினதில்லை. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். சின்ன வயதில் ரோட்டைக் கடக்கும்போது அவள்தான் என்னைப் பிடிப்பாள். தலைகீழாகப் பிடித்துப் பழக்கமில்லாததால் ரொம்ப அழுத்திவிட்டேன் போலிருக்கிறது.

"விடுடா, வலிக்குது," என்றாள். பிறகு அவரிடம், "சார், இவன் ரெண்டு தடவை தப்பா சொன்னவன். வேற யாராவது சொல்லியிருந்தா நான் போயிருப்பேன். தப்பா சொன்னத இவன் எங்கிட்ட ஒத்துக்கிட்டது பொறந்ததுலேருந்து இதுதான் மொத தடவை. நான் போக மாட்டேன். வேணும்னா சாவி இந்தாங்க."

நீட்டினாள். அவர் சாவியைப் பார்த்தார். வாங்கவில்லை.

பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. தூக்கத்தில் யாரோ புரண்டு படுக்கிற மாதிரி ஒரு அசைவு. வடக்கு ஓரத்தில் வண்டியின் இடது செயின் ஒரு முழம் கீழே இறங்கியது. கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு முழம். கேபின் சாய்ந்தது. அக்கா உட்காரும் பக்கக் கதவு மண்ணில் புதைந்து நின்றது. அந்தப் பிளவிலிருந்து, சூப்பர்வைசர் கேட்ட புகை, நீலமாக, அவசரமே இல்லாமல் மேலே வந்தது.

அவர் விசிலை எடுத்து ஊதினார். லாரிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி இறங்க ஆரம்பித்தன. அக்கா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை இப்போது என் சட்டையைப் பிடித்திருந்தது.

"எதுவரைக்கும் பரவியிருக்கும்டா?" என்றாள்.

"தெரியலக்கா."

தெரியவில்லை என்று சொல்லி நிற்காமல் அளந்து பார்க்கலாம் என்று தோன்றியது. புத்தி வந்ததுதான் வந்தது, முழுசாக வரட்டும். குனிந்து, நாங்கள் நின்றுகொண்டிருந்த இடத்திலேயே கம்பியை மண்ணில் செருகினேன். முப்பத்தெட்டு என்றது. நிம்மதியாக இருந்தது. கையை எடுக்காமல் காத்திருந்தேன். நாற்பத்துநாலு. ஐம்பத்தொன்று. எண் நிற்கிற வழியாக இல்லை.

"எவ்வளவு?" என்றாள் அக்கா.

கம்பியை உருவிச் சட்டைப் பையில் போட்டேன்.

"பேசாம நட," என்றேன். "ஓடாத. நட."