பதிவு செய்தவர்களுக்கு மட்டும்

வாசலில் நின்ற பெண் பட்டியலை இரண்டு தரம் பார்த்துவிட்டு, "உங்கட கம்பனிப் பேரச் சொல்லுங்க மிஸ்" என்றாள். கம்பனி ஒன்றும் இல்லை, படம் வரைகிறவள், தனியாகத்தான் தொழில் என்று லவினா சொன்னாள். அந்தப் பெண் சங்கடத்தோடு சிரித்து, 'விருந்தினர்' என்று எழுதிய அட்டையை நீட்டினாள்.

கிராண்ட்பாஸில் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த களஞ்சியம் அது. கொழும்பில் வீட்டு மூலையில் இருந்துகொண்டு படம், எழுத்து, குரல் என்று தனித்தனியாகப் பிழைக்கிறவர்கள் வந்து வேலை செய்வதற்காக ஒரு அறக்கட்டளை அதைத் திருத்தி, இன்று திறக்கிறது. யோசனை லவினாவுடையதும் அவளுடைய சிநேகிதி நிம்றாவுடையதும். மின்வெட்டுக் காலத்தில், கொட்டாஞ்சேனையில் லவினா வீட்டில் கரண்ட் இருந்தால் நிம்றா வருவாள். வெள்ளவத்தையில் நிம்றா வீட்டில் இருந்தால் லவினா போவாள். நிம்றா கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறவள். அப்படி மாறி மாறி ஓடின நாட்களில்தான், நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு பொது இடம் இருந்தால் என்ன என்று கதை தொடங்கியது.

லவினா எண்பத்து மூன்று பேருடைய வீடுகளுக்கு ஏறி இறங்கினாள். சில வீடுகளுக்கு நிம்றாவும் கூட வந்தாள். ஒரு காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே அழைப்பிதழ் வடிவமைக்கிற பெண், மாடிப்படியில் குந்தியிருந்து வீடியோ வெட்டுகிறவன், முகத்துவாரத்தில் வானொலி விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கிற பிறெடி. என்ன வேண்டும் என்று கேட்டபோது பிறெடி, "சத்தமில்லாத நாலு சுவர், மகள்" என்றார். அறக்கட்டளைக்குக் கொடுக்கத் தான் வரைந்த திட்டப் படத்தின் கிழக்கு மூலையில் அவருக்காகவே ஓர் அறை வரைந்தாள். ஒருவரையும் விடமாட்டோம் என்று எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தாள். நிம்றாவுக்கு இங்கிலீஷ் சரளம். ஆகவே அறக்கட்டளையோடு நடந்த கூட்டங்களுக்கு அவள் போனாள். அதில் லவினா ஒருபோதும் குறை நினைத்ததில்லை.

உள்ளே போனதும் அந்த அறையைத்தான் முதலில் தேடினாள். கிழக்கு மூலையிலேயே இருந்தது. கதவு திறக்கும் பக்கம்கூட அவள் வரைந்தபடியே. அதன் கண்ணாடியில் அறிவித்தல் ஒட்டியிருந்தது: இடங்கள் பதிவு செய்த நிறுவனங்களுக்கு மட்டும். எண்பத்து மூன்று பேரில் நிறுவனம் வைத்திருந்த ஒரு முகம்கூட அவள் நினைவுக்கு வரவில்லை.

நிம்றாவுக்கு இது தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டுதான் மாடிக்கு ஏறினாள். யன்னலோர மேசை நிம்றாவுடையது. பின்சுவரில் அவளுடைய நிறுவனப் பதிவுப் பத்திரம் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. திகதி பெப்ரவரி பதினொன்று. அந்தக் கிழமை நிம்றா காய்ச்சல் என்று சொல்லியிருந்தாள். லவினா மழையில் தனியாக முகத்துவாரம் போய்வந்து, அடுத்த நாள் கொத்தமல்லி அவித்துப் போத்தலில் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள்.

"எப்ப இருந்து தெரியும் உனக்கு?"

நிம்றா எழும்பவில்லை. "அறக்கட்டளக்காரங்க ஜனவரில சொன்னாங்க, கம்பனிக்கு மட்டுந்தான் எண்டு. நா ஒத்துக்காட்டி இந்தக் கட்டிடமே கிடைச்சீக்காது, லவினா."

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ அந்த எண்பத்து மூணு பேரையும் கூட்டிட்டு வந்து நின்டீப்பாய்."

அது உண்மை. உண்மையாக இருந்ததுதான் லவினாவுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. தன்னை இவ்வளவு நன்றாகத் தெரிந்தவளால்தான் இதைச் செய்ய முடியும்.

நிம்றா ஒரு படிவத்தை நீட்டினாள். "என்ட கம்பனில வேல செய்றவ எண்டு ஒன்ட பேரப் போட்டா நாளைக்கே ஒனக்கு ஒரு மேச. கோவத்துல வாணாமெண்டு சொல்லாத."

வாங்கக்கூடாது என்றுதான் லவினா நினைத்தாள். கை வாங்கி மடித்துப் பையில் வைத்தது. வீட்டில், சாப்பாட்டு நேரம் வந்தால் நிறங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டுச் சோற்றுக் கோப்பைக்கு இடம் விடவேண்டிய மேசை அவளுடையது. அந்தக் கையை அவளால் முழுதாகத் திட்டவும் முடியவில்லை. அவள் படியிறங்கும்போது ஒலிவாங்கியில் நிம்றாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

முகத்துவாரத்து வீட்டில், பின்னேர நிகழ்ச்சிக்கு அவள் வரச்சொல்லியிருந்ததால் பிறெடி வெள்ளைச் சேட்டு போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். போகத் தேவையில்லை என்பதையும் ஏன் என்பதையும் அவள் நின்றபடியே சொன்னாள். படிவத்தையும் மறைக்கவில்லை. அவர் சேட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

"அந்தப் பிள்ளையும் இந்தக் கதிரையில இருந்து தேத்தண்ணி குடிச்சவதானே" என்றார். பிறகு அவளுடைய பையைப் பார்த்து, "நீ போவியா மகள்?"

"தெரியேல்ல, அங்கிள்."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். நாலு மணிக்குள் ஒரு விளம்பரம் அனுப்ப வேண்டும் என்றார். வெளிச்சத்தம் கேட்காமலிருக்க அலுமாரியைத் திறந்து, மனைவியின் சேலைகளை இரண்டு பக்கமும் தள்ளி, நடுவில் ஒலிவாங்கியை வைத்துத் தலையை உள்ளே நுழைத்தார். வெளியே மீன்காரன் கூவினான். அவர் தலையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். மறுபடி நுழைத்தார். இந்த முறை ஓர் ஓட்டோ.

லவினா வெளியே போய் ஒழுங்கையின் நடுவில் நின்று கையை உயர்த்தினாள். மீன்காரன் காரணம் கேட்காமல் சைக்கிளை நிறுத்தினான். அவன் பின்னால் வந்த ஓட்டோக்காரன் அவளை ஒருமாதிரிப் பார்த்தான்; பிறகு எஞ்சினை அணைத்தான். ஒழுங்கை முழுவதும் அடங்கியது. சேலைகளுக்குள்ளிருந்து பிறெடியின் குரல் சிரித்த முகத்தோடு வந்தது: "வெள்ளவத்தையில், கடல் பார்த்த விசாலமான அறைகள்..."

அவள் கையை இறக்கவில்லை.