குதிகால் வலி போனவள்

காலையில் படுக்கையை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போதுதான் அவளுக்கு உயிர் போகும். குதிகாலுக்கு அடியில் யாரோ ஆணி அடித்துவிட்டுப் போனது போலிருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு, விரல்களை மட்டும் ஊன்றி, திருட வந்தவளைப் போலக் குளியலறைக்குப் போவாள். கொஞ்சம் நடந்ததும் வலி அடங்கும். அடங்கிவிட்டதே என்று நம்பி வேலைக்குப் போனால் மத்தியானத்துக்கு மேல் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

வேலை அப்படி. பெரிய பல்பொருள் அங்காடியில் பில் போடுவது. ஷட்டர் ஏறியதிலிருந்து இறங்கும்வரை நிற்கவேண்டும். உட்கார்ந்து பில் போட்டால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவு என்பது முதலாளியின் கொள்கை. அந்த முதலாளி நின்று யாராவது பார்த்திருக்கிறார்களா என்று பெரியக்கா கேட்பாள்.

பெரியக்கா பக்கத்துக் கவுண்ட்டர். கடையில் எல்லோரையும்விட மூத்தவள், குதிகால் வலியிலும் மூத்தவள். கூட்டம் இல்லாதபோது இருவரும் ஷூவைக் கழற்றிவிட்டு, ஒரு காலால் மறு காலைத் தேய்த்தபடி, மேலே மட்டும் சிரித்த முகமாக நிற்பார்கள்.

ஒருநாள் இருவரும் சேர்ந்து மேனேஜரின் அறைக்குப் போனார்கள். பேசியது அவள்தான்.

"ஆளுக்கு ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தா போதும் சார். கூட்டம் இல்லாதப்ப மட்டும் உட்கார்ந்துக்கறோம்."

மேனேஜர் கத்துகிறவர் இல்லை. "ஸ்டூல் எல்லாம் மேலிடத்து விஷயம்மா. உனக்கு என்ன, கால் வலிதானே? அதைச் சரி பண்ணிட்டா போச்சு. முதலாளிக்குத் தெரிஞ்ச கிளினிக் ஒண்ணு இருக்கு. கடைச் செலவுல போய்ட்டு வா."

"அக்காவுக்கும்தான் சார் வலிக்குது."

"முதல்ல நீ போ. பலன் இருந்தா எல்லாருக்கும் பார்க்கலாம்."

வெளியே வந்ததும் பெரியக்கா சிரித்தாள். "ஸ்டூல் கேட்டோம், டாக்டரைக் கொடுத்துட்டாங்க. சரி, போய்ட்டு வா. ஆனா ஸ்டூலை மட்டும் விட்டுடாதே."

கிளினிக்கில் ஒரு அம்மாள் அவள் குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அவள் துள்ளிவிட்டாள். பாதத்துக்கு அடியில் ஓடும் தசைநார் இழுபட்டுப் புண்ணாகியிருக்கிறது, பாதம் வேறு தட்டை என்று அந்த அம்மாள் விளக்கினாள். ஒரு பெட்டியிலிருந்த மெத்தென்ற பஞ்சில் இரண்டு காலையும் பதிய வைத்து அச்சு எடுத்தாள். அந்த அச்சுக்கு ஏற்ப, ஷூவுக்குள் வைக்க ஒரு ஜோடி இன்சோல் செய்து வந்தது.

"இது உங்க காலுக்குன்னே செஞ்சது. வேற யாருக்கும் ஒத்து வராது. தேஞ்சுபோனா புதுசா செய்யணும். கெண்டைக்கால் பயிற்சியும் விடாம செய்ங்க. முடிஞ்சவரைக்கும் உட்கார்ந்தே வேலை பாருங்க."

உட்கார விடாமல் இருக்கத்தான் இங்கே அனுப்பியிருக்கிறார்கள் என்று சொல்ல நினைத்தாள். இன்சோலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஒரே நாளில் ஒன்றும் நடந்துவிடவில்லை. சில வாரங்கள் போயின. ஒரு காலையில் பல் துலக்கி முடித்த பிறகுதான், சுவரைப் பிடிக்காமல் நடந்து வந்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. அங்கேயே நின்று அழுதாள். அந்தச் செய்தியை முதலில் பெரியக்காவிடம்தான் சொன்னாள். பெரியக்கா அவள் கன்னத்தைத் தட்டி, "முகமே தெளிஞ்சுபோச்சு" என்றாள்.

அடுத்த வாரம் கடைக்கு ஓர் அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே எல்லோருக்கும் மலிவான ரெடிமேட் இன்சோல்கள். காலையில் ஊழியர் கூட்டத்தில் மேனேஜர் அவளை முன்னால் கூப்பிட்டார்.

"வலி எப்படிம்மா இருக்கு?"

"போயிடுச்சு சார்."

எல்லோரும் கைதட்டினார்கள். என்னுடையது அச்செடுத்துச் செய்தது, இந்தப் பெட்டியில் இருப்பது வேறு என்று சொல்ல வாயெடுத்தாள். இது தேய்ந்துபோனால் அடுத்த ஜோடிக்கு இவரிடம்தானே வந்து நிற்கவேண்டும் என்ற நினைப்பு குறுக்கே வந்தது. வாய் மூடிக்கொண்டது.

"அப்ப ஸ்டூல் என்னாச்சு சார்?" என்று பின்னாலிருந்து கேட்டாள் பெரியக்கா.

"அதான் வலி போயிடுச்சுன்னு அவளே சொல்றாளே. இனிமே ஸ்டூல் எதுக்கு?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள்.

பெரியக்காவின் பாதம் தட்டை இல்லை, வில் மாதிரி வளைந்த பாதம். ரெடிமேட் இன்சோல் நடுவில் முட்டுக்கொடுத்து, இருந்த வலியை இரண்டு மடங்காக்கியது. மேனேஜரிடம் போய்ச் சொன்னால், "அவளுக்கு மட்டும் எப்படிப் போச்சு? ஒழுங்காப் போட்டுப் பாருங்க" என்று பதில் வந்தது. முழங்கால் வலி என்று போனவளுக்கும் அதே பதில்தான். பெரியக்கா, வலி போனவளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் நிற்கமுடியாமல் பெரியக்கா பால் பாக்கெட் வரும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். கேமராவில் பார்த்துவிட்டு மேனேஜர் இறங்கி வந்து, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் எழுந்திருக்கச் சொன்னார். பெரியக்கா எழுந்தாள். சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைக் கழற்றிக் கல்லாமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

போட்டுக்கொண்டிருந்த பில்லை அப்படியே விட்டுவிட்டு அவள் பெரியக்காவின் பின்னால் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள். ஓட முடிந்தது.

"அக்கா, நான் போய்ச் சொல்றேன். என்னுது அச்செடுத்துச் செஞ்சதுன்னு."

"அது அவருக்குத் தெரியாதா? உன்னை அனுப்பினதே அவர்தானே."

"வேற நான் என்னதான் பண்ணியிருக்கணும்? வலி இருக்குன்னு பொய் சொல்லணுமா?"

"பொய் சொல்லச் சொல்லல. போயிடுச்சுன்னதோட வாயை மூடிக்கிட்டே பாரு, அதுதான்."

பஸ் வந்தது. பெரியக்கா கம்பியைப் பிடித்து, விரல்களை மட்டும் ஊன்றி ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் நேராக மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள், ஸ்டூல் உட்பட. அவர் முழுதும் கேட்டுக்கொண்டார்.

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்? அந்தம்மாதான் போயிட்டாங்களே. போ, கூட்டம் நிக்குது."

கவுண்ட்டருக்குத் திரும்பினாள். பக்கத்துக் கவுண்ட்டரை மூடிவிட்டிருந்ததால் அந்த வரிசையும் இவளிடமே வந்து சேர்ந்திருந்தது. ஷட்டர் இறங்கும்வரை இரண்டு வரிசைக்கும் அவள் ஒருத்தியே நின்று பில் போட்டாள். கால் வலிக்கவே இல்லை.