சினை இறாலின் நிறம்

பதினெட்டு நாளாகத் தனுஷா பூச்சி கட்டவில்லை. பூச்சி அறுத்துக்கொண்டிருந்தாள்.

நாவற்குடாவில், பழைய அரிசி ஆலைக் கட்டடத்துக்குள் இயங்கும் அந்த இடத்துக்கு வாசல் பலகையில் ஒரு வெளிநாட்டுப் பெயர் இருந்தது. ஊரில் அதைப் பூச்சிக் கொம்பனி என்றுதான் சொல்வார்கள். நாற்பது பெண்கள் வரிசையாக இருந்து, அரிசியை விடச் சிறிய தூண்டில் கொக்கிகளை வைஸ் என்கிற சின்னப் பிடிகருவியில் இறுக்கி, நூலும் சேவல் இறகும் முயல் ரோமமும் சுற்றிப் பொய்ப் பூச்சிகள் கட்டுவார்கள். குளிர்நாடுகளில் ட்ரவுட் என்று ஒரு மீன். அதைப் பிடிக்கத்தான் இவை எல்லாம். அந்த மீனை உயிரோடு பார்த்த ஒருத்தியும் அங்கே இல்லை. ஆனாலும் அதன் விருப்பு வெறுப்பு முழுதும் அவர்களுக்கு அத்துப்படி. கலங்கின தண்ணீரில் அதுக்குக் கறுப்பு வேண்டும். பொழுது மங்கினால் வெள்ளை இறகு. ஆழத்தில் என்றால் பித்தளை மணி வைத்த பழுப்பு. வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு என்ன கறி பிடிக்கும் என்று போனிலேயே கேட்டு வைத்திருக்கும் மாமியாரைப் போல அறிந்து வைத்திருந்தார்கள்.

மாதிரி அட்டையில் உள்ள நிறத்திலிருந்து ஒரு மயிரளவு விலகினாலும் பூச்சி அறுப்பு மேசைக்குப் போகும். அங்கே பிளேட்டால் நூலை அறுத்து, இறகைக் கொட்டி, கொக்கியை மட்டும் மீட்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களை ஒருநாள், இரண்டு நாள் அங்கே இருத்துவது வழக்கம். ஆறு வருடம் கட்டிய தனுஷாவை இருத்தியதற்குக் காரணம் ஓர் இறால்.

ஸ்கொட்லாந்திலிருந்து ஒரு வாடிக்கையாளர் இறால் வடிவில் பூச்சி கேட்டிருந்தார். அங்கே ஆற்றுக்குள் சின்ன இறால் உண்டாம், ட்ரவுட் அதைத் தேடித் தின்னுமாம். வந்த மாதிரி முழுவதும் ஒரே பாசிப் பச்சை. பார்த்த உடனேயே தனுஷாவுக்கு அது செத்த நிறம் என்று பட்டது. அவளுடைய அப்பா வாவியில் வீச்சு வலை வீசுகிறவர். வலையிலிருந்து உதறிய இறாலை விடியலில் தரம் பிரித்துக்கொண்டே வளர்ந்தவள் அவள். உயிருள்ள இறாலுக்கென்று ஒரு நிறம் கிடையாது. வெளிச்சம் அதற்குள் போய், கொஞ்சம் தங்கி, வேறாகித் திரும்பி வரும். பச்சை ரோமத்தோடு சாம்பலும் ஒரு சிட்டிகை இளஞ்சிவப்பும் சேர்த்து, உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து பிசைந்து அந்த வெளிச்சத்தைக் கொண்டுவந்தாள். வயிற்றுக்குக் கீழே, சினை இறாலுக்கு இருக்கிறது போல, ஒரு பொட்டுச் செம்மஞ்சள் வைத்தாள்.

பன்னிரண்டு கட்டி மேற்பார்வையாளர் விஜிதரனிடம் கொண்டுபோனாள். அவன் ட்ரவுட்டைக் கண்டிருக்கிறாயா என்று கேட்டான். பெண்கள் சிரித்தார்கள்.

“ட்ரவுட்ட நான் காணல்ல சேர்,” என்றாள் தனுஷா. “இறால கண்டிருக்கன்.”

அந்தப் பதில்தான் அவனுக்குச் சுட்டது. எல்லாருக்கும் முன்னால் பிளேட்டை எடுத்து ஒவ்வொன்றாக அறுத்தான். பிறகு அறுப்பு மேசையைக் காட்டினான். அவன் அறுத்துப் போட்டதிலிருந்து அவள் மீட்டு வைத்த கொக்கிகள் பத்துத்தான். மற்ற இரண்டும் மேசைக்குக் கீழே விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

விழவில்லை. பன்னிரண்டாம் நாள் அது தெரியவந்தது. சொன்னவள் பொதி கட்டும் சாஷா. டவுனில் பறங்கித் தெருக்காரி, வீட்டில் இங்கிலீஷ் கதைத்துப் பழகியவள். அதனால் வாடிக்கையாளர்களின் கடிதங்களையும் அவளே வாசிப்பாள். விஜிதரன் அந்த இரண்டையும் தன்னுடைய கண்டுபிடிப்பு என்று ஸ்கொட்லாந்துக்கு அனுப்பியிருந்தான். நாற்பது வருடம் ஆற்றில் நிற்கிற தான் இப்படி ஒரு நிறத்தைக் கண்டதில்லை, மற்றப் பூச்சிகள் எல்லாம் பெட்டிக்குள் தூங்குகின்றன என்று அந்த மனிதர் எழுதியிருந்தார். அடுத்த பட்டியல் புத்தகத்தில், கட்டியவரின் பெயரோடு போடப்போகிறாராம்.

அந்தப் புத்தகத்தைத் தனுஷா எத்தனையோ தரம் புரட்டியிருக்கிறாள். ஒவ்வொரு பூச்சிக்குக் கீழேயும் அதை முதலில் கட்டியவரின் பெயர். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் பனி மூடிய ஆறுகளையும், தொப்பி போட்ட கிழவர்களையும், கல்லில் மோதும் தண்ணீரின் சத்தத்தையும் அவள் கற்பனை செய்ததுண்டு. அந்த ஆற்றங்கரையில் விஜிதரனைக் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தாள். இன்னும் வேகமாக அறுத்துக்கொண்டே இருந்தாள். பிளேட் இரண்டு தரம் விரலில் ஏறியது.

விஜிதரனுக்கு அந்த நிறம் வசப்படவில்லை. ஐந்து பேரைக் கலக்க வைத்துப் படம் அனுப்பினான். இது சேறு என்று ஸ்கொட்லாந்திலிருந்து பதில் வந்தது.

பதினெட்டாம் நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அறுப்பு மேசைக்கு அவனே வந்தான். வெளியே கச்சான் காற்று அனலாக வீசியது. ரோமம் பறக்கும் என்று யன்னல்களைச் சாத்தி வைப்பார்கள், கூடத்தில் விசிறி போடவும் விடமாட்டார்கள். நாற்பது பேரும் வியர்வையில் ஊறிக் கிடக்க, மேற்பார்வையாளரின் மேசைக்குப் பக்கத்தில் மட்டும் சுவரைப் பார்த்தபடி ஒரு விசிறி சுழலும்.

“தங்கச்சி,” என்றான். பதினெட்டு நாளாக அது ‘ஏய்’ ஆக இருந்தது. அந்தக் கலவையை மட்டும் தந்தால் நாளைக்கே பழைய இடத்தில் இருக்கலாம் என்றான்.

தனுஷா தன்னுடைய பையிலிருந்து ஒரு பொலித்தீன் உறையை எடுத்தாள். ஓடர் முழுவதுக்கும் போதும் என்று இறால் கட்டிய அன்றைக்கே கலந்து வைத்தது. அவன் கையை நீட்டினான்.

“முதல்ல ஸ்கொட்லாந்துக்கு எழுதுங்க. கட்டினது நான், அறுத்தது நீங்க எண்டு.”

“பேர வச்சி என்ன செய்யப்போறாய் புள்ள? கறி காச்சவா?”

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். தனுஷா உறையை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த பூச்சியை அறுத்தாள். அவன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். பிறகு போனை எடுத்துத் தட்டினான். எழுதியாயிற்று, அனுப்பியாயிற்று என்றான்.

தனுஷா சாஷாவைக் கூப்பிட்டாள். சாஷா அவனுடைய போனை வாங்கித் தனக்குள் ஒருதரம் வாசித்தாள். முகம் சிவந்தது.

“என்ன கா எழுதியிரிக்கு?”

“‘என்னுடைய வழிகாட்டலில் எங்கள் பெண்கள் உதவினார்கள்’ எண்டு இரிக்கு. பேர் ஒண்டும் இல்ல.”

தனுஷா எழும்பினாள். நேரே அவனுடைய மேசைக்குப் போய் விசிறியைக் கூடத்தின் பக்கம் திருப்பினாள். விசிறிக்கு முன்னால் உறையைக் கிழித்துத் தலைகீழாகப் பிடித்தாள். பச்சையும் சாம்பலும் சிவப்புமாக ரோமம் ஒரு மூச்சில் கிளம்பிக் கூடமெல்லாம் பரவியது. வைஸ்களில், பசைப் போத்தல்களில், நாற்பது பெண்களின் ஈரமான கழுத்துகளில் போய் ஒட்டியது. ஒருத்தியும் விசிறியை நிறுத்தச் சொல்லவில்லை. அவ்வளவு வருடத்தில் அந்தக் காற்று அவர்கள் மேலே பட்டது அன்றைக்குத்தான்.

விஜிதரன் வாய்க்குள் போன ரோமத்தைத் துப்பினான். எல்லாம் போச்சுது, வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும், உனக்கு விசரா என்று கத்தினான்.

“உறைக்குள்ள இருந்ததுதான் போச்சுது,” என்றாள் தனுஷா. “கலவை என்ட கையில இரிக்கு. மறுகா கலக்கலாம். நீங்க மறுகா எழுதுங்க. அறுத்ததையும் எழுதுங்க.”

அவன் கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். ஒருவரும் கட்டவில்லை. எல்லாரும் அவனுடைய கையில் இருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெயரை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று தாழ்ந்த குரலில் கேட்டான். சாஷா ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். அனுப்பிய பிறகு அவளே வாங்கி, எல்லாருக்கும் கேட்க வாசித்தாள். இறாலைக் கட்டியது தனுஷா. பன்னிரண்டில் பத்தைத் தவறுதலாக நான் அறுத்துவிட்டேன்.

“‘தவறுதலாக’வா?” என்றாள் தனுஷா.

விஜிதரன் போனைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அந்த ஒரு சொல்லோடு அவன் தப்பிவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. பெயர் போய்ச் சேரும். அந்தச் சொல்லும் கூடவே போய்ச் சேரும். கோபம் இறங்கியிருக்க வேண்டும், இறங்கவில்லை. அவளுடைய பழைய இடத்தில் கட்டிக்கொண்டிருந்த பெண்பிள்ளை எழும்பி வழிவிட்டது. தனுஷா கையைப் பார்த்தாள். இந்தக் கோபத்தோடு இந்தக் கையால் இன்றைக்கு ஒரு கொக்கியைக் கூட இறுக்க ஏலாது.

நாளைக்கு வந்து கலக்கிறன் என்று பிள்ளையிடம் சொன்னாள், அவனிடம் அல்ல. பையை எடுத்துக்கொண்டு, வேலை முடியும் மணிக்கு இன்னும் மூன்று மணித்தியாலம் இருக்க, கச்சான் வெயிலுக்குள் இறங்கி நடந்தாள். யாரும் மறிக்கவில்லை.