ரூடிக்கென்று ஒரு மிஷின்

வெர்ன் ஹக்காலாவின் கராஜில் ஏற்கெனவே ஒரு மர வேலை மிஷின் இருந்தது. ஒரு வீட்டுக்கு ஒன்று போதும் என்பதுதான் அந்த மிஷினின் பெருமையே. ஒரே மோட்டாரில் ரம்பம், கடைசல், டிரில், உப்புத்தாள் வட்டு எல்லாம் ஓடும். மேசையைக் கழற்றி, மோட்டார் இருக்கும் தலையைத் தள்ளி, மொத்தத்தையும் தூக்கி நிமிர்த்தினால் ரம்பமாக இருந்தது டிரில்லாகிவிடும். ஐம்பத்து நாலாம் வருஷத்து இரும்பு. அப்படியிருக்க, அதே ஊர் ஸ்கூபிக்கின் விதவை ஆக்னஸ் தன் வீட்டு நிலவறையில் துருப்பிடித்துக் கிடந்த அதே வயசு மிஷின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னபோது, எழுபத்திரண்டு வயது மனுஷன் ஏன் போய்த் தூக்கினார் என்றால், காரணம் ரூடி.

ரூடி பெர்க்கோ, வெர்னின் செத்துப்போன மனைவி ஐரீனின் தம்பி. இரும்புச் சுரங்கத்தில் வெர்ன் கல் அரைக்கும் ஆலையில் நின்றார், ரூடி லாரி ஓட்டினான். ஆளைக் குறைத்தபோது ஒரே வெள்ளிக்கிழமை இரண்டு பேருக்கும் சீட்டுக் கிழிந்தது. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இந்தக் கராஜ்தான். ரூடியிடம் ஒரு சாவி இருந்தது. ஒருவன் கடைசலுக்கு மாட்டியிருந்தால் மற்றவன் ரம்பத்துக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிறவன் காப்பியை உறிஞ்சிக்கொண்டே வேலை செய்கிறவனைக் கிண்டல் பண்ணுவான். பொழுது அப்படித்தான் போனது. ஒரே ஒரு சட்டம்: ஒருவன் அளந்து பூட்டி வைத்ததை மற்றவன் கேட்காமல் கலைக்கக் கூடாது.

ஐரீன் கேட்டாள் என்று சமையலறை அலமாரிக்குப் பதினாலு கதவு செய்ய ஆரம்பித்தார் வெர்ன். பாதிக் கட்டைகளை அறுத்து முடித்த நாளில் அவளை டுலூத் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அன்றைக்குத்தான் ரூடி வந்தான். பக்கத்து வீட்டு நாற்காலிக்கு ஒரு கால் கடைய வேண்டும். ரம்பத்தைக் கழற்றினான், கடைந்தான், திரும்ப ரம்பத்தை மாட்டி, பலகை உரசிப் போகும் வழிக்கட்டையை அளந்து, பழைய இடம் என்று நினைத்த இடத்தில் பூட்டி, தூளைக் கூட்டி அள்ளிவிட்டுப் போனான். அவ்வளவு பதவிசாக வைத்துவிட்டுப் போனதுதான் வினை. அவன் வந்துபோனது தெரியாமல், மறுநாள் வெர்ன் அளக்காமல் மிச்சக் கட்டைகளையும் அறுத்தார். கூட்டிப் பார்த்தால் ஏழு கதவு நகக்கனம் விலகி நின்றது.

"அளந்துதானே வெச்சேன்" என்றான் ரூடி.

"நீ அதைக் கடைசலாவே விட்டுட்டுப் போயிருந்தா, உன்னைத் திட்டிட்டு மறுபடி அளந்திருப்பேன். தொடாத மாதிரி வெச்சுட்டுப் போனே பாரு, அதாண்டா திருட்டுத்தனம்."

ரூடி சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். அடுத்த மாதம் ஐரீன் போய்விட்டாள். சர்ச் நிலவறையில் சாவுச் சாப்பாட்டின்போது அவன் தூரத்து மேசையில் உட்கார்ந்து தலை நிமிராமல் சாப்பிட்டான். அதோடு இரண்டு வருஷம் ஆயிற்று.

துருப்பிடித்த மிஷினைப் பார்த்தபோது வெர்னுக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு மிஷின் இருந்தால் ஒன்று எப்போதும் ரம்பம், இன்னொன்று எப்போதும் கடைசல். எவனும் எவனுடையதையும் கலைக்க வேண்டாம். மன்னிப்பு என்கிற பேச்சே எடுக்காமல் ரூடி திரும்ப வந்து இந்தக் கராஜில் நிற்கலாம். அந்தக் குளிர்காலத்தில் வெர்னுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

வெளியே எச்சில் துப்பினால் உறைகிற குளிர். உள்ளே பீப்பாய் அடுப்பு. மோட்டாரைச் சுமக்கும் தலை, இரண்டு இரும்புக் குழாய்கள்மேல் வழுக்கி ஓட வேண்டியது. துருவில் பிடித்துக்கொண்டு நகர மறுத்தது. ஒன்பது நாள் எண்ணெய் ஊற்றி, மரச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கழற்றினார். மண்ணெண்ணெயில் நனைத்த இரும்பு நாரால் குழாய்களைத் தேய்த்தார். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் திறந்து பார்த்தால் உள்ளே சக்கரம் உடைந்திருந்தது. மோட்டார் ஓடும்போது மட்டும்தான் அதைத் திருக வேண்டும். மோட்டார் நின்றிருக்கும்போது யாரோ திருகியிருக்கிறார்கள். இந்த மிஷின் வைத்திருக்கிறவன் ஒவ்வொருவனும் ஒரு தடவையாவது பண்ணுகிற தப்பு அது. விஸ்கான்சினில் ஒருவனிடம் பழைய சக்கரம் கிடைத்தது. பேரிங் மாற்றினார், பெல்ட் மாற்றினார், சாம்பல் வண்ணம் அடித்தார்.

தலையைத் திரும்ப ஏற்றுவதுதான் பெரும்பாடு. எழுபத்தைந்து பவுண்டு கனம். இரண்டு துளையும் இரண்டு குழாயில் ஒரே நேரத்தில் நுழைய வேண்டும். இரண்டு பேர் இருந்தால், சண்டையோடு சேர்த்துப் பத்து நிமிஷ வேலை. வெர்ன் உத்தரத்தில் கயிற்றைப் போட்டுக் கட்டி, இழுத்துவிட்டு ஓடிப்போய் நேர்படுத்தி, திரும்ப ஓடிவந்து இழுத்து, ஒரு மத்தியானம் முழுக்கப் போராடினார். நடுவில் ஒரு தடவை, "கொஞ்சம் இடப்பக்கம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். அடுப்பில் விறகு வெடித்தது.

பிறகு அதற்கென்று சுவரில் தனி பிளக் போட்டார், தனி விளக்குத் தொங்கவிட்டார். கத்தாமல் பேசிக்கொள்ளும் தூரத்தில் இரண்டையும் நிறுத்தினார். சோதித்துப் பார்க்க பிர்ச் மரக் கட்டையை ஒன்றில் அறுத்து, நாலு எட்டு நடந்து மற்றதில் கடைந்தார். கழற்றவும் வேண்டாம், அளக்கவும் வேண்டாம். ஒரு முக்காலிக்கான கால் மூன்றும் பத்து மணிக்குள் முடிந்துவிட்டன. முன்பெல்லாம் அது ஒரு நாள் வேலை. மிச்சப் பொழுதை என்ன செய்வதென்று தெரியாமல் சுத்தமாயிருந்த தரையை மறுபடி கூட்டினார்.

டெலிபோனை எடுக்கக் கை வரவில்லை. சர்ச்சில் வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டில் ஆக்னஸைப் பார்த்து, கராஜில் ரூடிக்கு ஒரு மிஷின் தயாராக இருக்கிறது, அவனிடம் சொல்லிவிடு என்றார். அவள் சொல்லிவிட்டாள்.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலையில் ரூடியின் பிக்கப் வண்டி வந்தது. தெருவில் திரும்பி, பின்பக்கமாக உள்ளே வந்து, கராஜ் வாசலை ஒட்டி நின்றது. அப்போதே வெர்னுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"இளைச்சுட்டியே மச்சான்" என்றான் ரூடி.

"என் பங்கையும் சேத்து நீ தின்னுட்டே போல."

ரூடி சிரித்தான். மிஷினைச் சுற்றிவந்தான். குழாயை விரலால் தடவி, விரலை முகர்ந்து பார்த்தான். சுவிட்சைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். "ஸ்கூபிக்கிட்ட இருந்தப்ப கிழவன் இருமுற மாதிரி இருக்கும். இப்ப பூனை மாதிரி இருக்கு." என்னவோ சொல்ல வாயெடுத்து, மூக்கைச் சிந்திக்கொண்டான். அப்புறம், தன் வீட்டுப் பின்கொட்டகையை இரண்டு நாளாக ஒழித்துக்கொண்டிருப்பதாகவும், ஜன்னலோரம் இடம் பார்த்திருப்பதாகவும் சொன்னான். வண்டியில் மிஷினை ஏற்ற இரண்டு பலகையும், இறுக்கிக் கட்ட வார்களும் கொண்டுவந்திருந்தான்.

வெர்ன் பலகைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இனிமே நீ பூட்டி வெச்சதை நான் கலைக்கவே முடியாது பாரு" என்றான் ரூடி. தமாஷாகத்தான் சொன்னான். ஆனால் சொல்லும்போது முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு வருஷமாக அவன் சொல்ல நினைத்ததும் அதுதான் என்று வெர்னுக்குத் தெரிந்தது.

இங்கேயே வெச்சு வேலை செய்யேன்டா. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

"தலைப்பக்கம் கனம் ஜாஸ்தி. அந்தப் பக்கம் நான் பிடிக்கிறேன்" என்றார்.

இரண்டு பேரும் சேர்ந்து ஏற்றினார்கள். கல்லறைக் கல் மாதிரி கனத்தது. ரூடி தள்ள, வெர்ன் இழுக்க, "விடாதே", "நீ விடாதே" என்று மூச்சு வாங்கியது. அந்தக் குளிர்காலத்திலேயே நன்றாக இருந்தது அந்தக் கால் மணி நேரம்தான். வாரைக் கட்டி இறுக்கியது வெர்ன்தான். ரூடி கட்டினால் வழியில் அவிழும்.

வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ரூடி கேட்டான். "வா, நீயும் ஏறு. மட்டம் பாத்து நிறுத்திக் குடு. காப்பி போடுறேன். சாயங்காலம் கொண்டாந்து விடுறேன்."

"வேலை இருக்கு."

ரூடி கராஜுக்குள் எட்டிப் பார்த்தான். ரம்ப மேசையில் ஒரு துண்டுப் பலகைகூட இல்லை.

"என்ன வேலை?"

"இருக்கு."

"சரி, முடிச்சுட்டு வா."

"பாக்கலாம்."

பாக்கலாம் என்றால் அந்த ஊரில் மாட்டேன் என்று அர்த்தம். இரண்டு பேரும் அங்கே பிறந்தவர்கள். ரூடி தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டான்.

தெருமுனையில் வண்டி நின்றது. குறுக்கே வர ஒரு வண்டியும் இல்லை. பனி கரைந்த தெரு இரண்டு பக்கமும் காலியாகக் கிடந்தது. இருந்தும் அது நின்றுகொண்டே இருந்தது, பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தபடி. எழுபது அடி எடுத்து வைத்தால் போதும். கையைத் தூக்கினால்கூடப் போதும், கண்ணாடியில் தெரிந்திருக்கும். வெர்ன் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். விளக்கு அணைந்தது. வண்டி இடப்பக்கம் திரும்பிப் போயிற்று.