மூன்றாவது பண்டிதரின் கை

தாடியைக் கழுவி முடிப்பதற்குள் இரண்டு பானை வெந்நீர் தீர்ந்துவிட்டது. கார்மோசினா மூன்றாவது பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து, பலகையில் கிடந்த அப்பாவின் நெற்றியை ஈரத் துணியால் தேய்த்தாள். எண்ணெய்ப் பிசுக்கு போவேனா என்றது. படத்துக்கு உட்காரும்போது வெளிச்சம் பட்டால் பளபளக்க வேண்டும் என்று ஓவியர் தினமும் தன் கையாலேயே தடவிவிட்ட ஆலிவ் எண்ணெய் அது. வீட்டில் கோஸ் இலையை வெறும் உப்புத் தண்ணீரில் வேகவைத்துத் தின்ற நாட்களிலும் அந்த நெற்றி மட்டும் மின்னிக்கொண்டுதான் இருந்தது.

"கையையும் கழுவிடு," என்றாள் பக்கத்து வீட்டு ஜேஸா. அவள் சன்னலோரம் உட்கார்ந்து, பிணத்துக்குச் சுற்றவேண்டிய துணியில் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் கழுவலாம்க்கா."

"இதோட நாலு தடவை சொல்லிட்ட. சாயங்கால மணி அடிச்சா பொணம் தூக்கற முக்காட்டுச் சபைக்காரங்க பாடையோட வாசல்ல நிப்பாங்க. அழுக்குக் கையோட சொர்க்கத்துக் கதவைத் தட்டச் சொல்றியா உங்கப்பாவை?"

"சொர்க்கத்துக்கா போறாரு?"

ஜேஸா சிலுவை போட்டுக்கொண்டாள். சிரிப்பை மறைக்கவும் அது வசதியாக இருந்தது.

அப்பா சபாத்தீனோ ஒரு காலத்தில் துறைமுகத்தில் கரி மூட்டை தூக்கியவர். முதுகு போன பிறகு வேலை போயிற்று. தாடி மட்டும் வளர்ந்தது. அந்தத் தாடியைத் தெருவில் பார்த்துத்தான் ஓவியர் தொன் ஃபிளாமினியோ அவரைத் தன் படங்களுக்கு மாதிரியாக உட்காரவைக்கக் கூட்டிக்கொண்டு போனார். பதினோரு வருடம். அப்போஸ்தலராக உட்கார்ந்தார், துறவியாக மண்டியிட்டார், கடைசி ஆறு மாதமாகப் பண்டிதராகிவிட்டார். பெரிய நீதிபதி ஒருவர் தன் நூலகச் சுவருக்கு மூன்று வயதான பண்டிதர்களைக் கேட்டிருந்தார். சபாத்தீனோ மூன்றாமவர். எழுத்தின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சூப்பு ஆறிப்போயிருந்தால், "ஒரு பண்டிதனுக்கு வைக்கிற சாப்பாடாடி இது?" என்று கிண்ணத்தைத் தள்ளிவிடுவார்.

நேற்றுக் காலை, படத்துக்கு உட்காரும் நாற்காலியிலேயே உயிர் போய்விட்டது. அதுகூட உடனே யாருக்கும் தெரியவில்லை. பதினோரு வருடத்தில் முதல்முறையாக மனிதர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாரே என்று தொன் ஃபிளாமினியோ சந்தோஷமாக ஒரு மணி நேரம் வரைந்திருக்கிறார். முகம் அன்றைக்குத்தான் நன்றாக வந்ததாம். பண்டிதரின் பழுப்பு அங்கியோடேயே கரி வண்டியில் போட்டுக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

அந்த அங்கிக்காகத்தான் வந்தார் தொன் ஃபிளாமினியோ. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். பிணத்தைப் பார்க்க வேண்டிய அளவுக்குப் பார்த்துவிட்டு, மடித்து வைத்திருந்த அங்கியைத் தேடிக் கண்ணை ஓட்டினார்.

"உங்கப்பா நல்ல மனுஷன், கார்மோசினா."

அவள் துணியைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்தாள்.

"இன்னொரு விஷயம். முகம் முடிஞ்சிடுச்சு. கை ரெண்டும் பாக்கி. இன்னிக்கு மத்தியானம் நீதிபதி வந்து பார்க்கறேன்னு சொல்லியிருக்கார். மத்த ரெண்டு கிழவனுங்களும் செத்தவன் உட்கார்ந்த நாற்காலியில உட்கார மாட்டோம்னு நேத்தே ஓடிட்டானுங்க. வேற எவனும் வரமாட்டேங்கறான்." அவர் பார்வை அவள் பிழிந்துகொண்டிருந்த துணிக்குத் தாழ்ந்தது. "உன் கை அப்படியே உங்கப்பாவோட எலும்பு."

"வெளுக்கற பொம்பளையோட கையையா பண்டிதருக்கு வைக்கப் போறீங்க?" என்றாள் ஜேஸா.

"சாம்பத் தண்ணியில ஊறி வெடிச்ச கைம்மா அது. முப்பத்தெட்டு வயசுன்னு யார் சொல்லுவா? எழுபதுன்னு சொன்னா நம்பிடுவாங்க." புகழ்ச்சியாகத்தான் சொன்னார். "நாலு மெழுகுவத்தி தர்றேன். நல்ல தேன்மெழுகு. பாடைக்கு நாலு மூலையிலும் ஏத்தலாம்."

"போயிட்டு வாடி," என்று ஜேஸா காதருகில் வந்து சொன்னாள். "விளக்கில்லாம எடுத்துக்கிட்டுப் போனா தெருவே சிரிக்கும். நான் பார்த்துக்கறேன் இவரை."

கார்மோசினா போனது மெழுகுவத்திக்காக அல்ல. ஆறு மாதமாகப் படத்துக்காக அப்பா மடியில் வைத்துக்கொண்டிருந்த அந்தப் புத்தகத்தை ஒருதடவை பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது.

ஒன்பது வயதில் அவளுக்கும் ஒரு புத்தகம் இருந்தது. மாடியில் குடியிருந்த பத்திர எழுத்தரின் விதவை கொடுத்த எழுத்துப் புத்தகம். பாதி எழுத்துவரை வந்திருந்தாள். வலது சுட்டுவிரலை எழுத்தின்மேல் வைத்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா உள்ளே வந்தார். புத்தகம் கணப்புச் சட்டிக்குள் போயிற்று. விரல் மேசைமேலேயே இருந்தது. கரி வாரும் இரும்புக் கரண்டியால் ஒரே அடி. "துணி துவைக்கிறவளுக்கு எதுக்குடி எழுத்து?" எலும்பு கூடியது, கோணலாகக் கூடியது. யாராவது கேட்டால், "படிக்கட்டுல விழுந்துட்டா" என்பார், அவளை வைத்துக்கொண்டே. இருபத்தொன்பது வருடம் அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள். ஒரே ஒரு தடவை, யாருமில்லாத நேரத்திலாவது, "நான்தான் அடிச்சேன்" என்று சொல்வார் என்று காத்திருந்தாள். மன்னிப்புக்கூட வேண்டியிருக்கவில்லை. நடந்தது நடந்தது என்று அந்த வாயிலிருந்து வந்தால் போதும். அந்த வாயைத்தான் இன்று காலை தாடையோடு சேர்த்துத் துணியால் கட்டினாள்.

ஓவியரின் அறையில் உயரத்தில் ஒரே ஒரு சன்னல் திறந்திருந்தது. மற்றவற்றைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். படம் சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. முக்கால்வாசி இருட்டு, அந்த இருட்டுக்குள் ஒரு மேசை, மூன்று கிழவர்கள். ஒருவர் காதில் கையைக் குவித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் மூக்குக் கண்ணாடியை விளக்குக்கு அருகில் பிடித்திருந்தார். மேசையில் ஒரு மண்டையோடு, உருகி வழிந்த மெழுகுவத்தி, முனை மழுங்கிய இறகுப் பேனா. மூன்றாமவர்மேல்தான் வெளிச்சம் முழுவதும் விழுந்திருந்தது. எண்ணெய் மின்னும் நெற்றி, ஒவ்வொரு மயிராக எழுதிய வெள்ளைத் தாடி, முழங்கையில் கிழிந்த பழுப்பு அங்கி. கிழிசலில் தெரிந்த உள்சட்டையின் வெள்ளையைக்கூட விடவில்லை. கண்கள் ஏதோ பெரிய துக்கத்தை யோசித்துப் புரிந்துகொண்டவை மாதிரித் தாழ்ந்திருந்தன. அந்தப் பார்வையை அவள் வீட்டில் ஒருநாளும் பார்த்ததில்லை.

மணிக்கட்டுக்குக் கீழே மட்டும் ஒன்றுமில்லை. பூசி விட்டிருந்த செம்மண் நிறம்தான் இருந்தது. கையில்லாத அப்பாவைப் பார்ப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"உட்காரு. அங்கியைப் போட்டுக்கோ, கைமடிப்பு வேணும்."

அவள் உட்கார்ந்தாள். அங்கியில் அவருடைய வேர்வை நாற்றம் அப்படியே இருந்தது. தொன் ஃபிளாமினியோ தோலட்டை போட்ட பெரிய புத்தகத்தைத் தூக்கி அவள் மடியில் வைத்தார். அவள் அவசரமாகத் திறந்தாள். வெற்றுத்தாள். புரட்டினாள். அதுவும் வெற்றுத்தாள்.

"இதுல எழுத்தே இல்லையே?"

"எதுக்கு எழுத்து? நாலு கோடு இழுத்தா தூரத்துலேருந்து எழுத்தாத்தான் தெரியும்." பிறகு நிமிர்ந்து பார்த்தார். "உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"பாதி."

அவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். "இடது கையால புத்தகத்தைத் தாங்கிக்கோ. வலது கை சுட்டுவிரலைத் தாள்மேல வை. படிச்சுக்கிட்டே வந்து ஒரு இடத்துல நின்னுட்ட மாதிரி."

அவள் வைத்தாள். நடுக்கணுவில் விரல் வெளிப்பக்கமாகத் திரும்பி, தாளைத் தொடாமல் பக்கவாட்டில் நின்றது. தொன் ஃபிளாமினியோ கிட்டே வந்து குனிந்தார்.

"இது என்ன ஆச்சு? சரி, பரவாயில்ல. படத்துல நேரா போட்டுடறேன்."

"வேணாம்."

"என்ன வேணாம்?"

"நேராக்க வேணாம். இருக்கறபடியே போடுங்க. இல்லேன்னா எழுந்து போயிடறேன்." தன் குரல் இத்தனை கெட்டியாக வரும் என்று அவளுக்கே தெரியாது. அப்பா சொல்லாததை இந்தப் படமாவது சொல்லட்டும். அவர் முகத்துக்குக் கீழேயே, எல்லாரும் பார்க்கிற இடத்தில்.

ஓவியர் தலையைச் சாய்த்து விரலை இன்னொரு தடவை பார்த்தார். அவருக்குப் பிடித்துப்போயிற்று. "கோணலும் நல்லாத்தான் இருக்கு," என்று தூரிகையை எடுத்தார்.

கழுத்து வலித்தது, கால் மரத்தது. அவள் அசையவில்லை. வெடிப்புகள் ஒவ்வொன்றாகப் படத்துக்குள் ஏறின, நகக்கண்ணின் அழுக்கு ஏறியது, பிறகு விரல் வந்தது. அச்சு அசலாக அவள் விரல். பார்க்கப் பார்க்க அவளுக்கு மூச்சு சீரானது. இனி இது படிக்கட்டில் விழுந்த விரல் இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

நீதிபதி வந்தபோது அவள் அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தாள். பருத்த மனிதர், கழுத்தில் வெள்ளைப் பட்டை. படத்தின் முன்னால் வந்து நின்றார். பிறகு கைத்தடியின் நுனியை மூன்றாவது பண்டிதரின் கைக்கு நேரே நீட்டினார்.

"ஆகா! அந்த விரலைப் பாருங்க. எத்தனை ஆயிரம் பக்கம் எழுதியிருந்தா ஒரு விரல் இப்படி வளைஞ்சு போகும்!"

தொன் ஃபிளாமினியோ ஒரு கணம்தான் தயங்கினார். "ஆமாங்க பிரபு. வாழ்நாள் முழுக்க எழுதின விரல்."

"எழுதி வளையல," என்றாள் கார்மோசினா.

இருவரும் திரும்பினார்கள்.

"எழுதி வளையலீங்க. அடிச்சு ஒடைச்சது. கரி வார்ற கரண்டியால. அது என் விரல்." அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். "அடிச்சது அவரு."

நீதிபதி அவள் கையைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தார். "யார் இந்தப் பொண்ணு?"

"துணி வெளுக்கறவ, பிரபு. படத்துல இருக்கற கிழவரோட மக. நேத்துதான் அப்பா தவறிட்டார். அழுகையில என்னென்னமோ பேசறா."

நீதிபதியின் முகம் இளகிவிட்டது. "பாவம்," என்றார், நிஜமான இரக்கத்தோடு. "அப்பாமேல உசுரா இருந்திருக்கா. கவலைப்படாதம்மா. நூறு வருஷம் ஆனாலும் உங்கப்பாவை எல்லாரும் கும்பிடற மாதிரிப் பார்ப்பாங்க."

அவள் கையைக் கீழே போட்டாள். தொன் ஃபிளாமினியோ நாலு மெழுகுவத்திகளைத் துணியில் சுற்றிக்கொடுத்து, முதுகில் கைவைத்து, வாசல்வரை மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டில் ஜேஸா பிணத்தைத் துணியால் மார்புவரை சுற்றி வைத்திருந்தாள். மெழுகுவத்தியைப் பிரித்து முகர்ந்து பார்த்தாள்.

"தேன்மெழுகுதான்டி! ஏமாத்தல மனுஷன். எப்படி இருக்கு படம்? உங்கப்பா மாதிரி இருக்கா?"

"இருக்கு."

"உன் கை?"

"அதுவும் அவரோடதாவே ஆயிடுச்சு."

ஜேஸாவுக்குப் புரியவில்லை. இருந்தாலும் மேலே கேட்காமல் அடுப்பிலிருந்த வெந்நீரை இறக்கி, பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள். "கையை மட்டும் விட்டுவச்சிருக்கேன். அது மக செய்யவேண்டியது."

தெருமுனையில் கோவில் மணி அடிக்கத் தொடங்கியது. கார்மோசினா மண்டியிட்டு உட்கார்ந்து, விறைத்துப்போன வலது கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பதினோரு வருடமாகச் சும்மா உட்கார்ந்திருந்த கை. தோல் மெத்தென்று இருந்தது. பண்டிதரின் கைக்கு வேண்டுமென்று ஓவியர் விட்டுவைக்கச் சொன்ன அழுக்கு மட்டும் நகக்கண்ணில் கறுத்திருந்தது. ஊசியால் கெல்லி எடுத்துவிட்டு, துணியை நனைத்து, கட்டைவிரலிலிருந்து ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டே வந்தாள். பிறகு இடது கை. வாசலில் பாடையை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது.

"முடிஞ்சுதா?" என்றாள் ஜேஸா.

கார்மோசினா இரண்டு கைகளையும் துடைத்து அவர் மார்பின்மேல் வைத்தாள். பத்து விரலும் நேராக இருந்தன.